அண்ணிக்கு ஒரு தமிழ்க்குரல்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டிருந்தன. ஓடிக்கொண்டே இருந்தவை சட்டென்று நின்றன. சனிக்கிழமை மதியம் அது. அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குழம்புச் சட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்தப் பழைய மடிக்கணினியை வைத்திருந்தோம். நான் திரைக்கு முன்னால் இருந்தேன். அண்ணி என் இடப்பக்கத்தில், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு பிள்ளை பாடம் ஒப்பிப்பதைக் கேட்பவர்போல உட்கார்ந்திருந்தார். நான் பெருமூச்சு விட்டதை வைத்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நின்னுருச்சா பாப்பா?"

"நின்னுருச்சி அண்ணி. ஏதோ கோளாறுன்னு சொல்லுது."

"ஏதோ கோளாறுன்னு கம்ப்யூட்டர் சொல்லாது. அது நீ சொல்றது. அது என்னா சொல்லுதோ அப்படியே படி. சுருக்காத."

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தேன். ஏற்கத்தக்க தொகுப்பி எதுவும் காணப்படவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படித்து முடித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. எதுவும் உடைந்துபோகவில்லை. இன்ன சாமான் வீட்டில் இல்லை, அதை முதலில் கொண்டுவா என்றுதான் அது சொல்லியிருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய நான், பாப்பா என்று கூப்பிடப்படுவதை வேறு எவரிடமும் பொறுத்துக்கொள்ள மாட்டேன். அண்ணியிடம் அது எனக்கு அன்றைக்கும் பிடித்திருந்தது, இன்றைக்கும் பிடித்திருக்கிறது.

கோலா சிலாங்கூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியையாக வந்தவர் அண்ணி. அண்ணன் அப்போது செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அந்த வேலைதான். டீச்சர் போயும் போயும் லோரிக்காரனைக் கட்டிக்கொண்டாரே என்று தோட்டக் குடியிருப்பு லயத்தில் கொஞ்ச நாள் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். நான் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணியைக் கண்டால் எனக்குப் பயம். சமைக்கும்போதும் அடுப்புக்குப் பக்கத்தில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படிப்பார். நான் ஏதாவது உளறினால் நிமிராமலேயே திருத்துவார். பிறகு எனக்குக் கல்யாணம் ஆகி ரவாங்குக்கு வந்துவிட்டேன். ஓடு செய்யும் தொழிற்சாலை ஒன்றின் கிடங்கு அலுவலகத்தில், வருகிற சரக்கையும் போகிற சரக்கையும் கணினியில் பதியும் வேலை. அண்ணிக்கும் எனக்கும் தீபாவளிக்குத் தீபாவளி, கல்யாணத்துக்குக் கல்யாணம் என்றுதான் உறவு இருந்தது. நாத்தனாருக்கு உரிய மரியாதையை அவர் குறைவில்லாமல் கொடுத்தார். நானும் கொடுத்தேன். அதற்குமேல் பேசிக்கொள்ள எங்களிடம் எதுவும் இருந்ததில்லை.

அண்ணிக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், வந்தது எல்லாருக்கும் தெரியும். எங்கள் குடும்பங்களில் அது யாருக்குத்தான் வரவில்லை. கரும்பலகையில் தான் எழுதியதே மங்கலாகத் தெரிந்தபோது கண்ணாடி மாற்ற வேண்டும்போல என்று சொல்லிக்கொண்டு, பள்ளி விடுமுறை வரட்டும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். கண்ணுக்குள் இரத்தம் கசிந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அறுவை சிகிச்சைகள் நடந்தன. ஒரு கண் போய், மற்றதும் போனது. கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று சொல்லும் அளவுக்கு வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. பள்ளியிலிருந்து மருத்துவக் காரணத்துக்காக ஓய்வு கொடுத்தார்கள். பிள்ளைகள் பூமாலை போட்டு, பாட்டுப் பாடி அனுப்பிவைத்தார்கள். அந்த மாலையோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று அண்ணன் சொன்னார்.

"ஒங்க அண்ணி பேசறதே இல்ல பாப்பா," என்றார் தொலைபேசியில். "நான் வேல முடிஞ்சி வரப்ப வீடு இருட்டா கெடக்கு. ஏன்மா லைட்டு போடலன்னா, எனக்கு எதுக்கு லைட்டுங்குறா. எனக்கு வேணும்லா, நான் இருக்கேன்லா. அதச் சொன்னா ஒன்னும் சொல்ல மாட்டேங்குறா."

முரட்டு ஆள் அண்ணன். அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமைகளில் பத்து ஆராங், பெஸ்தாரி ஜெயா ஊர்கள் வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். கையில் தமிழ்ப் பத்திரிகையைக் கொண்டுபோய் அண்ணிக்கு வாசித்துக் காட்டுவேன். மறுக்காமல் கேட்டுக்கொள்வார். நன்றி சொல்லுவார். அந்த நன்றியில் எந்த உயிரும் இருக்காது. சில வாரங்களுக்குப் பிறகு ஒருநாள் நான் பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீ நல்லாதான் படிக்கிற. ஆனா நான் வாசிக்கல பாப்பா, நான் கேக்குறேன். ஒரு வரி நல்லா இருந்திச்சின்னா நான் திரும்பிப் போவேன். புரியலன்னாலும் திரும்பிப் போவேன். ஒங்கிட்ட எத்தன தடவ திரும்பப் படின்னு சொல்லுவேன்? நீ படிச்சிட்டேன்னா அந்த வரி போயிருது. ரேடியோவும் அப்படித்தான். எல்லாம் என்னக் கேக்காம போய்க்கிட்டே இருக்கு."

அவருக்கு இல்லாமல் போனது கண் மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். நின்று, திரும்பி, மறுபடி பார்க்கிற உரிமையும் கூடவே போயிருந்தது.

என் அலுவலகத்துக் கணினிப் பிரிவில் ஒரு மலாய்க்காரப் பெண் இருந்தார். நாங்கள் எல்லாரும் அவரை, மலாயில் அக்கா என்பதுபோல, காக் என்று கூப்பிடுவோம். அவரிடம் அண்ணியைப் பற்றிச் சொல்லி அழுதுவிட்டேன். காக் மேலிடத்தில் அனுமதி வாங்கி, கழித்துப்போட்ட மடிக்கணினி ஒன்றை எனக்கு எடுத்துக் கொடுத்தார். அதன் வயதுக்குப் புதிய இயங்குதளம் எதுவும் தாங்காது என்பதால் லினக்ஸ் போட்டிருந்தார். லினக்ஸ் என்றால் யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், இதில் திரையைச் சத்தமாக வாசிக்கும் வசதியும் உண்டு என்றார். மலாயும் ஆங்கிலமும் அது நன்றாகவே வாசித்தது. அண்ணி விசைப்பலகையைத் தடவித் தடவிப் பழகினார். மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய வரி, கீழ்நோக்கியதை அழுத்தினால் அடுத்த வரி. இரண்டொரு வாரத்தில் ஆங்கிலச் செய்திகளைத் தானே வாசிக்கத் தொடங்கிவிட்டார். அண்ணன் எனக்குத் தொலைபேசியில் சொன்னது, "வீட்டுல லைட்டு எரியுது பாப்பா," என்பதுதான்.

தமிழில்தான் சிக்கல். ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தபோது அந்தக் குரல் "எழுத்து, எழுத்து, எழுத்து" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனது. ஒரு வரி முழுக்க அப்படித்தான். அண்ணி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சிரித்தார்.

"எழுத்துன்னு தெரியுது. என்னா எழுத்துன்னு மட்டும் தெரியாதாம். எங்க ஒன்னாம் வகுப்புப் பிள்ளைங்க மாதிரிலா இருக்கு."

கண் போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஆனால் சிரித்து முடித்ததும் கணினியை மூடி வைத்துவிட்டார். தமிழ் வாசிக்காத இயந்திரம் அவருக்குப் பாதி இயந்திரம்தான்.

காக் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அந்தக் குரலைத் தரும் நிரல் பழைய பதிப்பாம். புதிய பதிப்பில் தமிழ் இருக்கிறது. ஆனால் எங்கள் கணினிக்கு ஏற்றபடி ஆயத்தமாக யாரும் அதைச் செய்து வைக்கவில்லை. மூலநிரலாக, மனிதர்கள் எழுதிய வடிவத்திலேயே, ஒரு பொதியாகக் கட்டி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதைப் பிரித்து, நம் கணினியிலேயே இயங்கும் வடிவத்துக்கு மாற்றி, நாமே நிறுவிக்கொள்ள வேண்டும். "அதை நான் செய்ததே இல்லை, தப்பாகச் சொல்லிக்கொடுக்க விரும்பவில்லை," என்று காக் நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பொதியை ஒரு விரல் அளவு நினைவகத்தில் போட்டுக்கொண்டு அடுத்த சனிக்கிழமை போனேன். வேறு நிரல்களை நிறுவுவதுபோல இரண்டு முறை சொடுக்கினால் வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம். சொடுக்கினேன். உள்ளே கோப்புகளாகக் கொட்டிக் கிடந்தன. அவற்றில் எதைச் சொடுக்கினாலும் புரியாத எழுத்துகள்தான் திறந்தன. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அண்ணி கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். என்னைப் படி என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் ஒன்று வந்ததும் மேசையைத் தட்டினார்.

"என்னப் படின்னு பேரே வெச்சிருக்கான். அதப் படிக்காம ஏன் சுத்திச் சுத்தி வர?"

அதைத் திறந்தால் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. முதல் கட்டளை, இந்தக் கணினியில் தேவையான சாமான்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கும். இரண்டாவது கட்டளை, மூலநிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும். மூன்றாவது, மாற்றியதைக் கொண்டுபோய் உரிய இடங்களில் வைக்கும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. முதல் கட்டளையே, தொடக்கத்தில் சொன்ன மாதிரி, தொகுப்பி இல்லை என்று நின்றுவிட்டது. மூலநிரலை மாற்றித் தருவதே அந்தத் தொகுப்பிதான். அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். அண்ணன் வீட்டுக்குள் இணையம் சரியாக வராது. சமையலறைச் சன்னல் கம்பியில் அண்ணனின் கைப்பேசியை ஒரு துணியால் கட்டித் தொங்கவிட்டால் மட்டும் கொஞ்சம் வரும். கட்டித் தொங்கவிட்டோம். எடுத்தால் போய்விடும் என்பதால் அன்றைக்கு வந்த தொலைபேசி அழைப்புகளுக்கெல்லாம் அண்ணன் சன்னலுக்கு வெளியே நின்று, கம்பியில் காதை வைத்துப் பேசினார்.

தொகுப்பி வந்தது. பிறகு ஒரு நூலகம் இல்லை என்றது. பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துண்டுகளை நூலகம் என்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். அதையும் இறக்கினோம். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு தடை என்று நடந்தது. அந்தக் கறுப்புத் திரையில் கணினிக் குரல் புள்ளிகளையும் கோடுகளையும் ஒன்றுவிடாமல் உச்சரித்துக் குழப்பியதால் அதை நிறுத்திவிட்டு நானே வாசித்தேன். அண்ணி ஒவ்வொரு சொல்லையும் கேட்டு வைத்துக்கொள்வார். அலுவலகத்தில் நாள் முழுவதும் திரையைப் பார்க்கிறவள் நான். ஒரு செய்தி வந்தால் படிக்காமலே சரி என்ற பொத்தானை அழுத்திப் பழகியவள். அண்ணியிடம் அது நடக்கவில்லை. அவருக்காக ஒரு வரியை முழுதாக வாசித்தபோதுதான் நானும் அந்த வரியை முதன்முறையாகப் படித்தேன்.

கடைசியாக ஒரு சனிக்கிழமை இரண்டாவது கட்டளை தடையில்லாமல் ஓடியது. வரிகள் கொட்டிக்கொண்டே போயின. இதை வாசிக்க முடியாது அண்ணி, அவ்வளவு வேகம் என்றேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, கணினியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். உள்ளே விசிறி இரைந்தது. சூடாயிருச்சே, பாவம், என்றார். மூன்றாவது கட்டளையையும் கொடுத்தேன். நீளமாக ஏதோ அறிவித்துவிட்டு நின்றது. அதையும் முழுக்க வாசித்துக் காட்டினேன்.  கணினியை அணைத்து மறுபடியும் முடுக்கினேன்.

குரலே இல்லை.

தமிழ் இல்லை, ஆங்கிலம் இல்லை, மலாய் இல்லை. விசைகளை மாற்றி மாற்றித் தட்டினேன். இத்தனை வாரம் அண்ணி வாசித்துக்கொண்டிருந்த கணினி ஊமையாகிவிட்டது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்த நான், புதியதையும் கெடுத்து வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. அண்ணியிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குரல் வராததை அவரே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. வாசலில் நின்றிருந்த அண்ணன் உள்ளே வந்தார்.

"இருந்ததயும் கெடுத்துட்டியா? தமிழ் இல்லாட்டி போவுதுன்னு விட வேண்டியதுதானே லா! அவ இங்கிலீசாச்சும் படிச்சிக்கிட்டு இருந்தா. இனி மறுபடியும் மொதல்லேருந்து அவள நான்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

 காக்கிடம் பேசி எல்லாவற்றையும் பழையபடி மாற்றச் சொல்கிறேன் என்று கைப்பேசியை எடுக்க எழுந்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உக்காரு. அந்தக் கொரல மட்டும் தனியா கூப்புட முடியுமா? கறுப்புத் தெரயில?"

முடியும். அதன் பெயரைத் தட்டினேன். ஒரு வரி வந்தது. பகிர்ந்து பயன்படுத்தும் நூலகத்தைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை. வாசித்தேன்.

அண்ணி தலையைச் சாய்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கடைசியா நீ வாசிச்சியே, நீளமா. அதுல நூலகங்கள இந்த எடத்துல வெச்சிருக்கேன்னு ஒன்னு வந்துச்சி. வெச்சிருக்கேன்னு அது சொல்லுது. இல்லன்னு இது சொல்லுது. வெச்ச எடம் இவனுக்குத் தெரியலயோ?"

மூன்றாவது கட்டளையைத் திரும்பக் கொடுத்து, அந்த நீளமான அறிவிப்பை வரவழைத்து மறுபடி வாசித்தேன். நூலகங்களை எங்கே வைத்திருக்கிறது என்று அதில் இருந்தது. அந்த இடத்தைக் கணினிக்குத் தெரியப்படுத்த வேண்டும், எப்படி என்பதற்கு இன்ன கையேட்டுப் பக்கத்தைப் பார் என்றும் இருந்தது. முதல்முறை இதே சொற்களைத்தான் நான் வாய்விட்டு வாசித்திருந்தேன். என் காதில் விழவில்லை, அவர் காதில் விழுந்திருந்தது. கையேட்டுப் பக்கத்தைத் திறந்தேன். வறண்ட ஆங்கிலம். ஒரு பத்தி வாசிப்பேன், அண்ணி என்ன புரிந்தது என்று சொல்லுவார், நான் எனக்குப் புரிந்ததைச் சொல்வேன். அண்ணன் பால் விடாத தே ஓ கலக்கிக்கொண்டு வந்து வைத்தார். நூலகங்கள் இருக்கும் இடங்களையெல்லாம் புதிதாகப் பார்த்துப் பதிந்துகொள் என்று சொல்ல ஒரே ஒரு சிறிய கட்டளை போதும் என்று கடைசியில் கண்டுபிடித்தோம். தட்டினேன். எந்தப் பதிலும் வரவில்லை. குரலைத் திரும்பவும் அழைத்தேன்.

பேசியது.

அன்றைய செய்திப் பக்கம் ஒன்றைத் தமிழில் திறந்து, கணினியை அண்ணியின் பக்கம் நகர்த்தினேன். பெரிய விஷயம் எதுவும் இல்லை, வானிலை அறிவிப்பு. வட சிலாங்கூரில் மாலையில் இடியுடன் மழை பெய்யக்கூடும் என்று அந்தக் குரல் மூக்கால் பேசுவதுபோல வாசித்தது. அண்ணி கீழ் அம்புக்குறியை அழுத்தினார். அடுத்த வரி வந்தது. பிறகு மேல் அம்புக்குறியை அழுத்தினார். இடியுடன் மழை பெய்யக்கூடும். மறுபடியும் அழுத்தினார். இடியுடன் மழை பெய்யக்கூடும்.

"திரும்பிப் போவுது," என்றார் அண்ணி. "நான் போன்னா போவுது."

அண்ணன் லோரியைக் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மழை வரப்போகிறது என்று அப்போதுதான் எல்லாரும் கேட்டிருந்தோம். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் வாசிக்கத் தொடங்கிய டீச்சருக்குத் திருத்தவும் வேண்டியிருந்தது. அடுத்த வாரம் நான் போனதும் புகார். "நம்ம ஊர் பேரயெல்லாம் தப்பா சொல்லுது பாப்பா. புக்கிட் ரோத்தான்ல பழத்துக்கு வர ப போடுது. பஸ்ஸுக்கு வர ப போடணும்." தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. பார்த்துப் படிக்கும் நமக்கு ஊரைத் தெரியும், அதனால் வாய் தானாகத் திரும்பிக்கொள்கிறது. இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் எங்களிடம் மூலநிரலே இருப்பது நினைவுக்கு வந்தது. தேடினோம். விதிவிலக்கான சொற்களை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று எழுதி வைக்கிற சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்று உள்ளே இருந்தது. நான் தட்டச்சு செய்ய, அண்ணி ஊர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணம். பள்ளியிலிருந்து பிள்ளைகளைப் போட்டி விளையாட்டுக்குக் கூட்டிப்போன ஊர்களாம். பத்து ஆராங்கும் வந்தது. பத்து என்பதை மாற்றி எழுதினேன். மறுபடியும் கட்டளைகளைக் கொடுத்து நிறுவினேன். இந்த முறை கடைசி அறிவிப்பை நானே விடாமல் படித்தேன்.

ஊர்ப் பெயர்கள் சரியாக வந்தன. ஆனால் ஒரு செய்தியில், காலை பத்து மணிக்குக் கூட்டம் என்பதை, மலாயில் கல்லுக்குச் சொல்லும் பத்து மாதிரி, பஸ்ஸுக்கு வரும் ப போட்டு அழுத்தி வாசித்தது. காலை கல் மணிக்கு. அண்ணி மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் அண்ணனும் சிரித்தார். பத்து ஆராங் என்று இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தால் மட்டும் மாற்று என்று பிறகு திருத்தினோம்.

அந்தத் திருத்தங்களை நிரலை உருவாக்குகிறவர்களுக்கு அனுப்பலாமே என்று அண்ணிதான் சொன்னார். நமக்குச் சரியாக வந்தால் போதுமா, சுங்கை ஆயர் தாவாரில் யாராவது ஒருவர் இதே மாதிரி உட்கார்ந்திருந்தால் என்றார். அனுப்பினோம். எங்கோ குளிர்நாட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் பதில் எழுதினார். நன்றி சொல்லிவிட்டு, தமிழ் தெரியாத எனக்கு ஒரு சந்தேகம், இந்த எழுத்து எங்கே எந்த ஒலியைப் பெறும் என்று விளக்க முடியுமா என்று கேட்டிருந்தார். அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். சொல்லின் தொடக்கத்தில், நடுவில், மெல்லின எழுத்துக்குப் பின்னால், இரட்டித்து வரும்போது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு அண்ணி நடத்திய முதல் பாடம் அது. அந்த முகத்தை நான் அவர் பள்ளிக்கூடத்தில் பார்த்ததில்லை. வீட்டில் பார்க்கக் கிடைத்தது என் பாக்கியம்.

சில மாதங்கள் கழித்துப் புதிய பதிப்பு வந்திருப்பதாக அறிவிப்பு வந்தது. எங்கள் திருத்தங்கள் அதில் சேர்ந்திருந்தன. சனிக்கிழமை பொதியோடு வேகமாகப் போனேன். வாசலில் நுழையும்போதே அந்த மூக்குக் குரல் ஆங்கிலத்தில் ஒரு கட்டளையை வாசிப்பது கேட்டது. அண்ணி தனியாக மேசையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் தானே இறக்கி, தானே பிரித்து, இரண்டாவது கட்டளையை ஓடவிட்டிருந்தார். சன்னலில் கைப்பேசி துணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வா பாப்பா. இது ஓடி முடிய நேரமாவும். நீ பசியாறுனியா?"

எனக்குச் செய்ய எதுவும் இல்லை. அந்த வீட்டுக்கு ஒரு வேலையும் இல்லாமல் நான் வந்த நாள் அதுதான். அண்ணி தட்டித் தடவி எனக்கு இட்லி எடுத்து வைத்தார். இத்தனை மாதங்களாக நாங்கள் பேசியதெல்லாம் கட்டளையும் கோப்பும்தான். அன்றைக்குத்தான் என் வீட்டைப் பற்றி, வேலையைப் பற்றி விசாரித்தார். பேச்சுவாக்கில் ஒன்று கேட்டார்.

"ஒனக்கும் இனிப்பு நீர் இருக்குன்னு அண்ணன் சொன்னாரு. கண்ணக் காட்டுனியா?"

மருந்து சாப்பிடுகிறேன், கண் நன்றாகத்தான் தெரிகிறது என்றேன்.

"எனக்கும் நல்லாதான் தெரிஞ்சிச்சி," என்றார் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. "நல்லா தெரியறப்பவே போவணும். சாப்புட்டுட்டு கிளினிக்குக்குப் போன் போடு. நான் இங்கயே உக்காந்திருக்கேன், நீ போட்டதுக்கப்புறம்தான் கம்ப்யூட்டரப் பாப்பேன்."

என் கைப்பேசிக்கு அங்கே தொடர்பு கிடைக்காது என்பதால், சன்னலில் இருந்ததிலேயே நானும் வெளியே போய்க் கம்பியில் காதை வைத்துப் பேசினேன்.

பெரியாஸ்பத்திரியில் கண் பரிசோதனைக்கு நாள் கிடைத்தபோது, நானும் வருகிறேன் என்று அண்ணி அண்ணனின் காரில் ஏறிக்கொண்டார். அங்கே கண்ணை விரிக்கும் சொட்டு மருந்தை ஊற்றி உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எதிரில் இருந்தவர்கள் மங்கலாகத் தெரிந்தார்கள். சுவரில் ஒளிரும் எண்கள் வெறும் சிவப்பாகக் கரைந்தன. கையிலிருந்த சீட்டில் என் எண் என்ன என்றே தெரியவில்லை. உள்ளே வரும்போதே அண்ணி அதை என்னிடம் கேட்டு மனத்தில் வைத்திருந்தார். ஒலிபெருக்கி மலாயில் எண்களைச் சொல்லச் சொல்ல, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்தார்.

"ஒன் நம்பரு. எந்திரி. வலது பக்கம் கதவு சத்தம் கேக்குது பாரு, எல்லாரும் அங்கதான் போறாங்க."

அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவருடைய வெள்ளைக் கோல் எங்களுக்கு முன்னால் தரையைத் தட்டிக்கொண்டு போனது. மருத்துவர் வெகுநேரம் பார்த்தார். ஆரம்பித்திருக்கிறது, ஆனால் நல்ல வேளையாக இப்போதே வந்துவிட்டீர்கள் என்றார். லேசர் சிகிச்சை கொடுத்தார்கள். தவறாமல் போய்க் காட்டிக்கொண்டு வருகிறேன். இதை எழுதும் எழுத்துகள் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன.

அன்றைக்கு வெளியே வந்தபோது வெயில் கண்ணை அறைந்தது. அண்ணி தன் கைப்பையைத் துழாவி, இனித் தனக்கு வேண்டாம் என்று சொல்லி, தன் கறுப்புக் கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டார். அண்ணன் காரை எடுத்துக்கொண்டு வரும்வரை இருவரும் படிக்கட்டில் நின்றோம். எனக்கு எல்லாம் வெள்ளையாக இருந்தது. எந்தக் கார் எங்களுடையது என்று அண்ணிதான் இன்ஜின் சத்தத்தை வைத்துச் சொன்னார்.